120 மணி நேரமும் 120 நாளும்

புதுச்சேரி மணப்பட்டில் ஒரு மாடியறையில் சிறியதொரு ஹோஸ்டிங் தொழில் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வர் சொந்தமில்லை. மாத வாடகைக்கு எடுத்த ஒன்றைப் பிரித்து 200 பேருக்குக் கொடுக்கிறார்கள். கிருமாம்பாக்கத்துச் சிமெண்டுக் கடை, பாகூர் விதைக் கடை, வில்லியனூரில் சுடுமண் பொம்மை செய்பவர் என்று எல்லோரும் தெரிந்த முகங்கள். ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு முகம் தெரியாத ஒருவர் வெளிநாட்டுக் கார்டில் 3,000 ரூபாய் கட்டி ஒரு .காம் டொமைனும் ஓராண்டு ஹோஸ்டிங்கும் கேட்கிறார். விடிந்து பார்த்தால் பணம் ஏறியிருக்கிறது. அந்த 3,000 வரவா செலவா என்று உறுதியாகத் தெரிய நான்கு மாதம் ஆகும்.

காரணம் இதுதான். கார்டு திருடப்பட்டது என்றால், அதன் உரியவர் மாதக் கணக்கைப் பார்த்துவிட்டுத் தன் வங்கியிடம் முறையிடுவார். வங்கி நம்மிடமிருந்து பணத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். தொழிலில் இதைச் சார்ஜ்பேக் என்கிறார்கள். விசா விதிப்படி மோசடிக்கான முறையீட்டுக்கு 120 நாள் அவகாசம் உண்டு. டொமைன் கணக்கோ வேறு. .காம் பெயரைப் பதிந்து ஐந்து நாளுக்குள் நீக்கினால்தான் பதிவகம் கட்டணத்தைத் திருப்பித் தரும். ஐந்து நாள் என்பது 120 மணி நேரம். மோசடிக்காரனுக்கு இந்த 24 மடங்கு இடைவெளியே முதல். ஐந்து நாள் சலுகையும் அளவில்லாதது அல்ல. பெயரைப் பதிந்து, லாபம் வராவிட்டால் நீக்கிவிடும் பழக்கம் பெருகியதால், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2009இல் அதற்கு வரம்பு வைத்தது: பதிவாளர் ஒருவருக்கு மாதத்தில் 50 பெயர் அல்லது புதுப் பதிவில் 10 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரைக்கும்தான் பணம் திரும்பும்.

இனி அந்த ஓர் ஆர்டரின் கணக்கு. 2024 செப்டம்பர் 1 முதல் .காம் பெயருக்குப் பதிவகம் வாங்கும் மொத்த விலை 10.26 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 872 ரூபாய். இடையில் இருப்பவரின் லாபமும் சேர 950 என்று கொள்கிறேன். வெளிநாட்டுக் கார்டுக்குக் கேட்வே கமிஷன் 3 சதவீதம், சார்ஜ்பேக் கட்டணம் 500 ரூபாய், மறுப்புக் கடிதமும் ஆதாரமும் தயாரிக்க மூன்று மணி நேரம், மணிக்கு 150 ரூபாய் கூலி. இந்த நான்கும் என் அனுமானம். உங்கள் ரசீதைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

டொமைன்: 950.00
கமிஷன் 90, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 16.20: 106.20
சார்ஜ்பேக் கட்டணம்: 500.00
வேலை நேரம்: 450.00
மொத்த நட்டம்: 2,006.20

வந்த 3,000 வந்த வழியே போய்விட்டது, அதை இதில் சேர்க்கவில்லை. நல்ல ஆர்டர் ஒன்றில் என்ன நிற்கும்? 3,000இல் டொமைனும் கமிஷனும் போக 1,943.80. சர்வர் வாடகையில் பங்குக்கும் ஆண்டு முழுதும் போன் எடுப்பதற்கும் 1,300 ஒதுக்கினால் மிச்சம் 643.80. அதாவது மூன்று நேர்மையான வாடிக்கையாளரின் ஓராண்டு லாபம் முழுதும் அந்த ஒரு திருட்டுக்கே போகிறது. நான்காமவர் லாபத்திலும் 74 ரூபாய் 80 காசு போகிறது.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. திருட்டுக் கார்டில் ஹோஸ்டிங் வாங்குகிறவன் வலைத்தளம் நடத்த வாங்குவதில்லை. வங்கிப் பக்கம் மாதிரி ஒரு போலிப் பக்கம் போடவோ, லட்சக்கணக்கில் குப்பை மின்னஞ்சல் அனுப்பவோதான் வாங்குகிறான். 200 பேரும் ஒரே ஐ.பி. முகவரியில் இருப்பதால், ஸ்பாம்ஹாஸ் போன்ற தடைப்பட்டியலில் அந்த முகவரி ஏறினால் மற்ற 199 பேரின் மின்னஞ்சலும் திரும்பிவரும். விதைக் கடைக்காரர் அனுப்பிய விலைப்பட்டியல் போய்ச் சேராததற்குக் காரணம் அவருக்குப் புரியாது. "தம்பி, மெயில் போவலயே" என்று இரண்டு முறை கேட்பார், மூன்றாம் முறை வேறிடம் போய்விடுவார். பத்துப் பேர் போனால் ஆண்டுக்கு 6,438 ரூபாய். டொமைன் போனதைவிட இந்த இழப்புத்தான் சிறு தொழிலைச் சாய்க்கும்.

உள்நாட்டுக் கார்டில் இந்தத் தொல்லை குறைவு. 2009 ஆகஸ்ட் 1 முதல் இணையக் கார்டுப் பரிவர்த்தனைக்கு இரண்டாம் உறுதிப்பாட்டை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. நாம் சலித்துக்கொள்ளும் ஓ.டி.பி.தான் அந்த அரண். வெளிநாட்டில் வழங்கப்பட்ட கார்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே அதே போன்ற உறுதிப்பாட்டைக் கேட்கும் 3-டி செக்யூர் முறையைக் கேட்வேயில் கட்டாயமாக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த உறுதிப்பாட்டோடு வந்த பணம் மோசடி என்று பின்னால் தெரிந்தால், பொதுவாகப் பொறுப்பு கார்டு கொடுத்த வங்கியைச் சேரும்.

அடுத்த அரண், ஆர்டர் போட்டவருக்கு ஒரு போன். பத்து நிமிடத்துக்கு 25 ரூபாய் கூலி. ஆண்டுக்கு 100 வெளிநாட்டு ஆர்டர் வந்து எல்லாவற்றையும் விசாரித்தால் 2,500. டொமைனைப் பதியும் முன்பே சந்தேகப்பட்டு நாமே பணத்தைத் திருப்பினால் போவது கமிஷன் 106.20 மட்டும். எனவே பிடிபடும் ஒவ்வொன்றிலும் 1,900 ரூபாய் மிஞ்சும். நூற்றில் இரண்டு பிடிபட்டாலே 1,300 லாபம். ஆனால் காத்திருக்க மனமில்லாத நல்லவர் ஒருவர் விலகினால் 643.80 நட்டம், இருவர் விலகினால் அந்த 1,300இல் ஏறக்குறைய எல்லாமே போச்சு. அதனால் எல்லோரையும் நிறுத்தி வைப்பது சரியல்ல என்பேன். கார்டு ஒரு நாடு, ஐ.பி. வேறு நாடு, ஒரே ஆள் நாலைந்து கார்டை மாற்றி மாற்றிப் போட்டது, கேட்கும் டொமைனில் வங்கிப் பெயரோ கே.ஒய்.சி. என்ற சொல்லோ இருப்பது. இப்படிப்பட்டவை நூற்றில் 30 என்று வைத்து, அவற்றை மட்டும் நிறுத்தினால் செலவு 750. ஒன்றே ஒன்று சிக்கினாலும் 1,150 கையில். டொமைன் பெயரை நம் கண்ணால் படிப்பதற்கு ஈடான மென்பொருள் எனக்குத் தெரிந்து இல்லை.

உள்ளூர் ஆர்டருக்கு இன்னொரு சோதனை உண்டு. ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு. புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33. கிருமாம்பாக்கம் 34, பக்கத்து ரெட்டிச்சாவடி 33. முகவரி பாகூர், எண் 33 என்று வந்தால் கேட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் கடை வைத்திருப்பவர் நம் பகுதியில் சாதாரணம், அதனால் கேள்வியோடு நிறுத்துங்கள், ஆர்டரைத் தள்ளிவிடாதீர்கள்.

யு.பி.ஐ.யில் 2020 ஜனவரி 1 முதல் வணிகருக்குக் கமிஷன் இல்லை, சார்ஜ்பேக்கும் அரிது. அங்கே ஆபத்து வேறு. யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணத்தில் ஆர்டர் போட்டிருந்தால், பறிகொடுத்தவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் புகார் செய்ததும் பணம் போன வழியெல்லாம் பின்தொடரப்படும். நம் கணக்கிலும் அந்தத் தொகை முடங்கும், சில நேரம் கணக்கே முடங்கும். சர்வர் வாடகை கட்ட வேண்டிய தேதியில் இது நடந்தால் 200 தளமும் நிற்கும். அப்போது நம்மைக் காப்பது ஆவணம் மட்டுமே.

இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பு செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் பிறப்பித்த உத்தரவு, வி.பி.எஸ்., கிளவுட், தரவு மையச் சேவை தருவோர் வாடிக்கையாளரின் சரிபார்த்த பெயர், முகவரி, தொடர்பு எண், பதிந்த நேரத்து ஐ.பி., எதற்காக வாங்கினார் என்பதையெல்லாம், அவர் விலகிய பிறகும் ஐந்து ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. பாரமாகத் தோன்றலாம். ஆளுக்கு 100 கே.பி., 200 பேர், ஆண்டுக்கொரு புதுப் பதிவு என்று வைத்தாலும் ஐந்து ஆண்டுக்கு 100 எம்.பி.தான். கல்யாண வீடியோ ஒன்று இதைவிடப் பெரிது. ஆனால் எல்லோரிடமும் ஆதார் நகல் வாங்கி அடுக்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். தேவையில்லாமல் சேர்த்து வைத்த நகல் கசிந்தால் முதல் பாதிப்பு நம்மை நம்பிய விதைக் கடைக்காரருக்கு.

"முதல் மாதம் இலவசம்" என்ற விளம்பரத்தையும் யோசித்துப் போடுங்கள். .டிகே உள்ளிட்ட பெயர்களை இலவசமாக வழங்கிய ஃப்ரீநாம் நிறுவனத்தை மோசடித் தளங்கள் மொய்த்தன. மெட்டா வழக்குத் தொடுத்தது, 2024 பிப்ரவரியில் அந்த நிறுவனம் டொமைன் தொழிலைவிட்டே விலகுவதாக அறிவித்தது.

இன்றிரவு உங்கள் ஆர்டர் அமைப்பில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். பணம் ஏறியதும் டொமைன் தானாகப் பதிவாகும் வசதியை அணைத்துவிடுங்கள். காலையில் பெயரைப் படித்து, தேவைப்பட்டால் போன் போட்டு, பிறகு நீங்களே பதியுங்கள்.