கழிச்சல் கண்டதும் ஆட்டை விற்காதீர்!

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கங்களில் நெல் அறுத்த தரிசும் ஏரிக்கரையும்தான் செம்மறி ஆடுகளுக்கு மேய்ச்சல் நிலம். இப்பகுதியின் சொந்த இனமான சென்னைச் சிவப்பு ஆடுகள் இவற்றை நம்பியே பிழைக்கின்றன. சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பிறகு மேய்ச்சல் இடம் குறுகிவிட்டதால், பல மந்தைகள் ஒரே ஏரியில் நீர் குடிக்கின்றன. ஒரு மந்தையின் நோய் அடுத்த மந்தைக்குத் தாவ இது போதும்.

அவ்வாறு பரவும் நோய்களில் கொடியது ஆட்டுக்கொல்லி நோய். நச்சுயிரியால் வரும் இந்நோய் இந்தியாவில் முதன்முதலாக 1987-ல், அன்றைய தென்னாற்காடு மாவட்டம் அரசூர் கிராமத்துச் செம்மறி ஆடுகளில் கண்டறியப்பட்டது. அங்கே பிரித்தெடுத்த நச்சுயிரியைக் கொண்டே பின்னர் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி தயாரித்தது. அதன் பெயரே 'அரசூர் 87'. நோய் வந்த ஊரின் பெயர் மருந்துக்கும் வாய்த்தது!

நோய் கண்ட ஆடு முதலில் இரை எடுக்காது. காய்ச்சல் 104 முதல் 106 டிகிரி வரை ஏறும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து, பிறகு சளியாகக் கெட்டிப்படும். வாயில் புண் தோன்றும். கழிச்சல் அதன் பின்னரே வருகிறது. இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். மழைக்குப் பின் வரும் கழிச்சலைக் குடற்புழு என்று கருதி மருந்து கொடுத்துக் காத்திருப்பார்கள். ஆலைக் கழிவுநீரைக் குடித்த கோளாறு என்று எண்ணுவோரும் உண்டு. நஞ்சு என்றால் பெரும்பாலும் ஒரே நேரத்தில் பல ஆடுகள் சாயும். ஆட்டுக்கொல்லியோ காய்ச்சலோடு தொடங்கி, ஒன்றிரண்டு ஆடுகளில் கண்டு, சில நாட்களில் மந்தை முழுவதும் பரவும். ஐயத்தைத் தீர்க்க ஒரு காய்ச்சல்மானி பட்டியில் இருப்பது நல்லது. ஆட்டின் இயல்பான வெப்பநிலை சுமார் 102 முதல் 103 டிகிரி.

இரண்டு ஆடு செத்ததும் மிச்சத்தை வந்த விலைக்குத் தள்ளிவிடுவது நடைமுறையில் உள்ள பெருங்கேடு. வெளியில் நலமாகத் தோன்றும் ஆடும் நோயைச் சுமந்து சந்தைக்குப் போகும். அங்கிருந்து நோய் பத்து ஊர்ப் பட்டிகளுக்குப் போய்ச் சேரும். எல்லை தாண்டி ஆந்திரத்திலிருந்தோ, உள்ளூர்ச் சந்தையிலிருந்தோ வாங்கிவரும் ஆட்டை 21 நாட்கள் தனியே கட்டி, தனித் தொட்டியில் நீர் காட்ட வேண்டும்.

மேய்ச்சலுக்கு அவிழ்க்குமுன் தினமும் மூக்கையும் கண்ணையும் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. காய்ச்சல் இருக்கும்போதே மருத்துவர் கண், மூக்கு நீரைப் பஞ்சில் எடுத்தால் ஆய்வில் நச்சுயிரி சிக்கும். நாள் கடந்தால் சிக்குவது அரிது. செத்த ஆட்டை ஏரியில் வீசாமல், மருத்துவர் பார்த்தபின் ஆழப் புதைக்க வேண்டும்.

தடுப்பூசியை ஒரு முறை போட்டால் மூன்றாண்டுகள் காக்கும். குட்டிகளுக்கு நான்காம் மாதத்தில் போடலாம். அதற்கு முன் தாய்ப்பாலின் காப்பு ஊசியின் பலனைக் கெடுக்கும். சில சமயம் கால்நடைத் துறையினர் மந்தையில் இரத்தம் எடுத்துப் போவர். ஊசி பிடித்ததா, எங்கே விடுபட்டது என்பதை அறியவே அது, மறுக்க வேண்டாம். மாட்டு வெக்கை நோய் உலகைவிட்டே ஒழிந்ததாக 2011-ல் அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லியை ஒழிக்க உலக நாடுகள் வைத்துள்ள இலக்கு 2030.

ஐயம் ஏற்பட்டால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அன்றே அணுகலாம். 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிலும் தெரிவிக்கலாம்.