தூக்கிய கால் எது?

மேல்பட்டாம்பாக்கத்தில் ரயில் ஏறினால் கடலூரைத் தாண்டிச் சிதம்பரத்தில் இறங்கலாம். அங்கே நடராஜர் தூக்கியிருப்பது எந்தக் கால்? இடது கால். வலது காலை முயலகன் என்ற அசுரன் மேல் ஊன்றியிருக்கிறார். மேலே உயர்ந்த வலக்கையில் உடுக்கை, இடக்கையில் நெருப்பு. குழந்தைகளே, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் நாம் துப்பறியப் போகிறோம்.

கேமரா வராத காலத்தில், 1774 முதல் 1781 வரை, பியேர் சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் நம் பக்கம் பயணம் செய்தார். புதுச்சேரியிலும் தங்கினார். அவர் இயற்கை ஆய்வாளர். நம் சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரே 'கேல்லஸ் சொன்னெராட்டி'தான்! பறவைகளை வரைந்தது போலவே இங்கே கண்ட மனிதர்களையும் தெய்வ உருவங்களையும் வரைந்தார். 1782இல் பாரிஸில் அவை புத்தகமாக வந்தன. படங்களை அச்சிடச் செம்புத் தகடுகள் தேவைப்பட்டன.

தகட்டில் எப்படிப் படம் அச்சாகும்? கூரான எஃகு உளியால் செம்பில் கோடு கோடாகக் கீறுவார்கள். தகடு முழுக்க மை தடவி, பிறகு நன்றாகத் துடைப்பார்கள். மேல்பரப்பு சுத்தமாகிவிடும், பள்ளத்தில் போன மை மட்டும் அங்கேயே நிற்கும். அதன் மேல் ஈரத் தாளை வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தினால், ஈரத்தில் இளகிய தாள் பள்ளத்துக்குள் புகுந்து மையை எடுத்துக்கொண்டு வரும். உளி ஆழமாகப் போனால் கோடு அகலமாகும், மை அதிகம் பிடிக்கும், அந்த இடம் கறுப்பாகத் தெரியும்.

இந்த வித்தையில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஹெண்ட்ரிக் கோல்ட்சியஸ் என்ற டச்சுக்காரர். 1591இல் ரோமுக்குப் போய்ப் பழைய சிலைகளை வரைந்தார். ஹெர்குலிஸ் என்ற பலசாலியின் பெரிய சிலையை முதுகுப் பக்கமிருந்து தகட்டில் செதுக்கியிருக்கிறார். கீழே இரண்டு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒவ்வொரு கோடும் மெலிதாகத் தொடங்கி, நடுவில் தடித்து, மறுபடி மெலியும். அந்தத் தடிப்பும் மெலிவும்தான் தட்டையான தாளில் தசையைப் புடைக்க வைக்கின்றன. வண்ணமே இல்லை, வெறும் கோடுதான்!

இப்போது துப்பறியலாம். கைகூப்பிப் பாருங்கள். கட்டைவிரலோடு கட்டைவிரல் பொருந்துகிறது. ஆனால் ஒன்று வலக்கை, மற்றது இடக்கை. தகடும் தாளும் அப்படித்தான் முகத்தோடு முகம் ஒட்டுகின்றன. அதனால் தகட்டில் இருப்பது தாளில் இடவலம் மாறிவிடும். இது தெரிந்த கலைஞர்கள் கண்ணாடியில் பார்த்தோ, வரைபடத்தைத் திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்தோ தகட்டில் மாற்றிச் செதுக்குவார்கள். அப்படிச் செய்யாமல் விட்டால் சிதம்பரம் நடராஜர் தாளில் வலது காலைத் தூக்கிவிடுவார்.

மதுரை வெள்ளியம்பலத்தில் உண்மையாகவே அவர் கால் மாற்றி ஆடுகிறாரே! அப்படியானால் படத்தில் இருப்பது மதுரையா, மாறிப்போன சிதம்பரமா? காலை மட்டும் பார்த்தால் தெரியாது. பூணூலைப் பாருங்கள். அது இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு இறங்க வேண்டும். வலது தோளில் தொங்கினால் படமே இடவலம் மாறியிருக்கிறது என்று பொருள்.

தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஆங்கிலேய ஓவியர்கள் 1792இல் தமிழ்நாட்டில் பயணம் செய்தார்கள். மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பங்களை அச்சிட வேறொரு வழியைப் பயன்படுத்தினார்கள். தகட்டில் பிசின் தூளைத் தூவிச் சூடு காட்டினால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அமிலம் ஊற்றினால் துகள்களின் இடைவெளியில் மட்டும் செம்பு அரிபடும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குழிகள் மை பிடித்து, நீர்வண்ண ஓவியம் போன்ற மென்மையான நிழலைத் தரும்.

அமிலமெல்லாம் நமக்கு வேண்டாம். வழவழப்பான பிளாஸ்டிக் உறையில் ஸ்கெட்ச் பேனாவால் நடராஜரை வரையுங்கள். மை காய்வதற்குள் லேசாக நனைத்த தாளை வைத்து அழுத்தி எடுங்கள். முதலில் அப்படியே வரைந்து ஒன்று, அப்புறம் கண்ணாடியில் பார்த்து மாற்றி வரைந்து ஒன்று. இரண்டில் எது சிதம்பரத்து நடராஜர் என்று உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.