ஸ்கூட்டரா, கால் கியரா? முதன்முதலாக ஓடப் பழகும் பெண்களுக்கு

வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் மோட்டார் சைக்கிள் ஓடுவது இன்று புதினமல்ல. குடும்பநல உத்தியோகத்தர், முன்பள்ளி ஆசிரியை, வங்கி ஊழியர் என்று காலையிலேயே வீதியில் இறங்குபவர்கள் பலர். ஆனால் முதலாவது வண்டியைத் தெரிவு செய்பவர் பெரும்பாலும் அண்ணனாகவோ கணவராகவோ இருக்கிறார். ஓடப்போகிறவரிடம் கேட்கப்படுவது நிறம் மட்டுந்தான். கேட்க வேண்டியதோ வேறு: கியர் இல்லாத ஸ்கூட்டரா, அல்லது சாலி, எம்.டி.90 போன்ற கால் கியர் வண்டியா?

இரண்டிலும் காலைத் தூக்கிப் போடாமல் நடுவால் ஏறலாம். சேலையுடனும் இருக்கலாம். இரண்டிலும் கையில் கிளச் இல்லை. வேறுபாடு கால்களுக்கு உரிய வேலையில்தான். ஸ்கூட்டரில் வலது கையில் அக்சிலேற்றரும் முன் பிரேக்கும், இடது கையில் பின் பிரேக்கும் இருக்கின்றன, கால்களுக்கு வேலையில்லை. சைக்கிள் ஓடிய கைகளுக்கு இது விரைவில் பிடிபடும். சாலியிலோ இடது கால் கியர் மாற்ற, வலது கால் பின் பிரேக்கை மிதிக்க வேண்டும். பழகச் சில நாட்கள் கூடுதலாகச் செல்லும்.

இதனால் ஸ்கூட்டர்தான் இலகு என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் ஸ்கூட்டருக்கு நியூற்றல் இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது அக்சிலேற்றர் சற்றுத் திரும்பினாலும் வண்டி பாயும். பயந்துபோன புதியவர் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறார். பிடிக்கும்போதே திருகியும் விடுகிறார். முன்னால் பிள்ளையை நிற்க வைத்துவிட்டு, என்ஜினை நிறுத்தாமல் கேற்றைத் திறக்க இறங்கும் தாய்மாரைக் காணும்போது நெஞ்சு பதறுகிறது. பிள்ளையின் கை எட்டும் தூரத்தில் அல்லவா அந்தக் கைப்பிடி இருக்கிறது! கேற்றடியில் திறப்பைத் திருப்பி நிறுத்துவதை முதல் நாளே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கால் கியர் வண்டி நியூற்றலில் நின்றால், திருகினாலும் சத்தம் மட்டுந்தான் போடும்.

அடுத்தது வீதி. நகரத்துத் தார் வீதியில், சந்திக்குச் சந்தி நின்று போகிறவருக்கு ஸ்கூட்டர் சுகம். கிரவல் வீதியும் மணல் ஒழுங்கையுமே உங்கள் பாதை என்றால் நன்றாக யோசியுங்கள். ஸ்கூட்டி பெப் பிளஸ்ஸின் சில்லு 10 அங்குலந்தான். சிறிய சில்லு குழிக்குள் இறங்கிவிடும். பெரியது குழியைக் கடந்து போகும். சாலியின் சில்லும் சிறியதே. எம்.டி.90இன் சில்லு இவற்றைவிடப் பெரியது. அது ஜப்பானில் தபாற்காரருக்கென்று செய்யப்பட்ட வண்டி என்பதை நினைத்தால் காரணம் விளங்கும். 1990களில் பெற்றோல் தடைப்பட்ட யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயிலும் ஓடின; அந்தக் காலத்தைக் கண்டவர்களுக்கு இந்தப் பழைய வண்டிகளில் இன்னமும் ஒரு நம்பிக்கை. ஆனால் அவை பழையவை. உங்கள் ஊர்க் கராஜில் திருத்தத் தெரிந்தவர் இருக்கிறாரா, பாகங்கள் கிடைக்கின்றனவா என்று முதலில் விசாரியுங்கள்.

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் பாவித்த வண்டிகள் பல கைகள் மாறியுள்ளன. வாங்குமுன் என்ஜின் இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சாரதி அனுமதிப்பத்திரத்திலும் ஒரு விடயம் உண்டு. ஏ1 வகுப்பு 100 சிசி வரைக்குமே. சாலி, எம்.டி.90, 87.8 சிசி கொண்ட ஸ்கூட்டி பெப் பிளஸ் ஆகியவை அதற்குள் அடங்கும். 109 சிசி டியோவுக்கு ஏ வகுப்பு தேவை. ஏ1ஐ வைத்துக்கொண்டு டியோ ஓடி விபத்து நேர்ந்தால், பொலிசிலும் காப்புறுதியிலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களே.

கடைக்கு நீங்களே போங்கள். ஏறி இருந்து, இரண்டு பாதங்களும் தரையில் ஊன்றுகின்றனவா என்று பாருங்கள். ஸ்ராண்டிலிருந்து தனியே இறக்கி, பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். நூறு கிலோ அளவிலான பாரம் அது. பதிவுப் புத்தகத்தில் யாருடைய பெயர் எழுதப்படப் போகிறது என்பதையும் அங்கேயே, காசு கொடுக்க முன்னர் கேளுங்கள்.