கையில் ஏந்தும் பந்தய வண்டி

கால் மைல் என்பது 1,320 அடி. சாலை நேரானது; வளைவு கிடையாது. நின்ற நிலையிலிருந்து இரண்டு வண்டிகள் கிளம்புகின்றன. எது முந்தி எல்லைக் கோட்டைக் கடக்கிறதோ அது வென்றது. ‘டிராக்’ பந்தயம் என்று அமெரிக்கர் வழங்கும் விளையாட்டின் இலக்கணம் இவ்வளவுதான். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தென் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் பழைய கார்களைப் பிரித்து மாற்றியமைத்து, அவற்றின் வேகத்தைச் சோதித்து வந்தார்கள். போருக்குப் பின் அந்த ஆர்வம் ஊர்த் தெருக்களில் புகுந்து அபாயமாக வளர்ந்தது. 1951இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவியதும், விமான ஓடுபாதைகள் பந்தயக் களங்களாக மாறியதும், அந்த அபாயத்தை ஒழுங்குக்குள் கொண்டுவர எழுந்த முயற்சிகளே.

அக்காலத்து வண்டிகளைச் சிறு உருவங்களாகச் செய்வது இன்று பலர் விரும்பி மேற்கொள்ளும் கைவேலை. பெரும்பாலும் மூலத்தின் 25இல் ஒரு பங்கு என்பதே அளவு. கார் விற்பனையாளர்கள் விளம்பரத்திற்காக வைத்திருந்த சிறு கார்கள் இந்த அளவில் இருந்தன. அவற்றைச் செய்து தந்த ஏ.எம்.டி. நிறுவனம் 1958 முதல், பகுதி பகுதியாகப் பிரித்துப் பெட்டியில் அடைத்த கார்களை விற்றது. ஒரே பெட்டியிலிருந்து சாதாரணக் காராகவோ, அலங்காரக் காராகவோ, பந்தய வண்டியாகவோ கட்டிக்கொள்ளலாம். இக்கணக்கின்படி 1,320 அடிக் களம் சற்றேறக்குறைய 53 அடியாகக் குறுகும். நான் வசிக்கும் அரசாங்கக் குடியிருப்பின் தாழ்வாரத்தில் அதுகூட அடங்காது. வண்டிக்கோ சன்னலோரத்தில் ஒரு மேசை போதும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் நான். மூலத்தில் உள்ளவை அனைத்தும் ஒரே விகிதத்தில் பெயர்ந்து வந்துவிடா என்பது எனக்குப் பழகிய செய்தி. இங்கும் அப்படியே. 8 மில்லிமீட்டர் பருமனுள்ள ஸ்பார்க் பிளக் கம்பி, சிற்றுருவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு மில்லிமீட்டர் ஆகவேண்டும். மெல்லிய செப்புக் கம்பி அதற்குப் பொருந்தும். வர்ணப் பூச்சை மட்டும் 25இல் ஒரு பங்காக மெலிதாக்க எவராலும் இயலாது. என் முதல் வண்டிக்கு நான் ஆசையோடு தடிப்பாகப் பூசினேன். கதவின் விளிம்புக் கோடுகள் மூழ்கிப்போயின. வெல்லப்பாகில் தோய்த்தெடுத்த பண்டம்போல் இருந்தது அது. போதாக்குறைக்கு, உடனே பிடிக்கும் பசையைக் கொண்டு முன்கண்ணாடியை ஒட்டினேன். பசையின் ஆவி படிந்து கண்ணாடி முழுதும் வெண்பனி மூடியது. கண்ணாடிப் பகுதிகளுக்கு மர வேலையில் பயன்படும் வெள்ளைப் பசையே ஏற்றதென்று பிறகு கற்றுக்கொண்டேன். பிளாஸ்டிக் உறுப்புகளில் வார்ப்பு எண்ணெய் ஒட்டியிருக்கும். முதலில் சோப்பு நீரில் கழுவ வேண்டும். பின் பசையின்றிப் பொருத்திப் பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிய பூச்சாகப் பலமுறை, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் பூசவேண்டும். பொறுமையைத் தவிர இதில் மறைபொருள் ஏதுமில்லை.

ஆனால் கைத்திறனைவிட அரியது, ஓர் உறுப்பு ஏன் அவ்விடத்தில் இருக்கிறது என்று அறிவது. ‘காசர்’ எனப்படும் வண்டிகளைப் பாருங்கள். நிலையங்களில் விற்கும் பெட்ரோலில் ஓடியவை என்பதால் அப்பெயர். எடை குறைந்த பழைய வில்லிஸ் கார்களை இதற்குப் பெரிதும் விரும்பினார்கள். கொக்கு தலை தூக்கியதுபோல் முன்புறம் உயர்ந்து நிற்கும். இது அழகுக்காகச் செய்ததன்று. கிளம்பும் கணத்தில் வண்டியின் எடை பின்சக்கரங்களின்மேல் சாய்ந்து, அவை வழுக்காமல் தரையைப் பற்ற வேண்டும் என்ற எண்ணமே காரணம். அதற்கும் விதி வரம்பு வகுத்தது: என்ஜினின் கிராங்க் தண்டு தரையிலிருந்து 24 அங்குலத்திற்குமேல் உயரலாகாது. சிற்றுருவில் அது ஓர் அங்குலத்திற்கும் சற்றுக் குறைவு. இன்றைய அன்பர்கள் பலர் இதை மறந்து, முன்புறத்தை வானை நோக்கித் தூக்கிவிடுகிறார்கள். அது கேலிச்சித்திரம் ஆகுமே அல்லாமல் வண்டி ஆகாது என்பது என் கருத்து.

இனி ‘கவண்’ என்று பெயர் பெற்ற நீண்ட வண்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவற்றில் ஓட்டுபவர் பின்சக்கரங்களுக்கும் பின்னால், கவணில் வைத்த கல்லைப்போல் அமர்ந்திருப்பார். என்ஜின் அவர் முகத்துக்கு நேராக இருக்கும். இடுக்கியால் இருக்கையை எடுத்துச் சட்டத்தில் பொருத்தும்போது ஓர் ஐயம் எழுகிறது: கால்களை எங்கே நீட்டுவது? கிளச்சுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இருபுறமும்தான், வேறு இடமில்லை. பின்சக்கரத்தின்மேல் எடையைக் குவிப்பதற்காக மனிதனை இயந்திரத்தின்மேல் கவிழ்த்து வைத்தாற்போன்ற அமைப்பு அது.

புளோரிடாவைச் சேர்ந்த டான் கார்லிட்ஸ் இவ்வகை வண்டிகளில் ஈடற்ற புகழ் பெற்றவர். 1964இல் மணிக்கு 200 மைல் வேகத்தைக் கடந்தவர். 1970 மார்ச் 8ஆம் நாள், கலிபோர்னியாவின் லயன்ஸ் களத்தில் அவருடைய வண்டி கிளம்பிய கணத்திலேயே கியர்ப்பெட்டி வெடித்தது. வண்டி இரண்டாகப் பிளந்தது. அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. அவர் பந்தயத்தை விடவில்லை. ஓட்டுபவரின் இடத்தை மாற்றினார். என்ஜின் முதுகுக்குப் பின்னால் போயிற்று. அவருக்கு முன்னும் சிலர் அவ்வாறு செய்து பார்த்ததுண்டு. வண்டி நேராகச் செல்ல மறுத்தது. ஸ்டியரிங் சக்கரத்தைச் சற்றே திருப்பினால் முன்சக்கரங்கள் மிகுதியாகத் திரும்பிவிடாதபடி அதன் விகிதத்தைக் குறைத்ததும் அக்குறை நீங்கியது. 1971இல் பொமோனாவில் அப்புதிய வண்டி வென்றது. சில ஆண்டுகளுக்குள் கவண் வண்டிகள் முதல்தரப் பந்தயங்களிலிருந்து மறைந்தன. லயன்ஸ் களமும் 1972 டிசம்பரில் மூடப்பட்டது.

மூல வண்டிகள் பலவற்றில் என்ஜினைக் கழற்றி விற்றுவிட்டார்கள். சட்டத்தை அறுத்து வேறொன்றுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒரே வண்டி ஒரு பருவத்துக்குள் மும்முறை நிறம் மாறியதும் உண்டு. ஆகவே சிற்றுருவம் செய்பவர், எந்த ஆண்டில் எந்தக் களத்தில் நின்ற வண்டியைச் செய்கிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அந்நாளைய புகைப்படங்களைத் தேடிப் பார்ப்பது நலம். இடப்புறத்துப் படம் மட்டும் கிடைத்தால் வலப்புறத்தை ஊகித்து எழுதக் கூடாது; மொழிபெயர்ப்பாளன் இதைச் சொல்வதில் வியப்பில்லை.

என் அலமாரியில் இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கின்றன. ஒன்று 1970க்கு முந்தையது, மற்றது பிந்தையது. இரண்டும் எட்டங்குலத்துக்குக் குறையா நீளம். எதிர்வீட்டுச் சிறுவன் ஒருநாள் நெடுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முதல் வண்டியின் இருக்கையைத் தொட்டு, “மாமா, இதில் உட்கார்ந்தவருக்கு என்ன ஆயிற்று?” என்று கேட்டான்.