மும்முனை மின்சாரமும் வெந்நீர் ஹீட்டரும்

எங்கள் மார்டள்ளி இருக்கும் கொள்ளேகால் சீமை 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டம். பிறகு மைசூர் மாவட்டம். 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். இச்சீமையின் ஓரத்தில், காவிரி விழும் சிவசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் 1902-ஆம் ஆண்டு 92 மைல் கம்பி வழியே கோலார் தங்கவயலுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களில் நம் தமிழர் ஏராளம்.

அவ்வளவு தூரம் எப்படிப் போயிற்று? வோல்ட்டைப் பல ஆயிரமாக உயர்த்தி அனுப்பினார்கள். வோல்ட் ஏறினால் அதே சக்திக்கு ஆம்பியர் குறையும். கம்பியைச் சுடுவது ஆம்பியர்தான். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் வீட்டு ஹீட்டருக்கு ஒயரும் பிரேக்கரும் தேர்ந்தெடுப்பது கஷ்டமே இல்லை.

இதை எழுதக் காரணம் என் தவறு ஒன்று. சில வருஷங்களுக்கு முன் ஒருவர் கடைக்கு வந்து, "ஐயா, மண்டபத்து வெந்நீர் ஹீட்டருக்குப் பிரேக்கர் அடிக்கடி விழுது, பெரிசா ஒண்ணு கொடுங்க" என்றார். 20 ஆம்பியர் இருந்த இடத்துக்கு 40 கேட்டார். நானும் ஏன் என்று கேட்காமல் கொடுத்தேன். அப்புறம் பிரேக்கர் விழவே இல்லை. ஆனால் ஒரு கல்யாணத்தன்று விடியற்காலை, சுவருக்குள் பைப்பில் ஓடிய ஒயர் உருகிப் புகைந்தது. பக்கத்திலேயே பந்தல் துணி. ஆள் சேதம் இல்லை என்பது புண்ணியம்.

போய்ப் பார்த்தால் விஷயம் வேறு. ஹீட்டரில் 3 கிலோவாட் காயில் மூன்று. மொத்தம் 9 கிலோவாட். மூன்றையும் ஒரே பேஸில் மாட்டியிருந்தார்கள். 9000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 39 ஆம்பியர். ஓடியதோ 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். பழைய பிரேக்கர் விழுந்தது கோளாறு அல்ல. அது தன் கடமையைச் செய்தது.

மூன்று காயிலையும் பேஸுக்கு ஒன்றாகப் பிரித்தால் என்ன ஆகும்? 3000-ஐ 230-ஆல் வகுக்க, பேஸுக்கு 13 ஆம்பியர். வேறு வழியிலும் சரிபார்க்கலாம்: இரண்டு பேஸுக்கு இடையே 400 வோல்ட், அதை 1.732-ஆல் பெருக்கி, 9000-ஐ அதனால் வகுத்தாலும் அதே 13 தான். தண்ணீர் அதே வேகத்தில் சூடாகும்; ஒயர் சுமை மூன்றில் ஒன்று.

இனி விதி. ஹீட்டர் எடுக்கும் ஆம்பியரைவிடப் பிரேக்கர் பெரிது. பிரேக்கரைவிட ஒயரின் தாங்கு திறன் பெரிது. இந்த வரிசை மாறக்கூடாது. பிரேக்கர் ஹீட்டரைக் காப்பதற்கு அல்ல, ஒயரைக் காப்பதற்கு.

ஹீட்டர் மணிக்கணக்காக ஓடும். ஆகவே 13-உடன் கால் பங்கு சேர்த்தால் 16-ஐக் கொஞ்சம் தாண்டும். அடுத்த அளவு 20 ஆம்பியர். மூன்று பேஸும் ஒன்றாக விழும் பிரேக்கராக இருக்கட்டும். கிணற்று மோட்டார் போல ஹீட்டர் தொடக்கத்தில் இழுக்காது. அதனால் மோட்டாருக்கென்று கூட்டிப் போடும் கணக்கு இதற்கு வேண்டாம்.

பைப்பில் ஓடும் 2.5 செம்பு பி.வி.சி. ஒயர் 30 டிகிரி வெப்பத்தில் சுமார் 21 ஆம்பியர் தாங்கும். சமையல்கட்டுத் தகரக் கூரையடியில் 40 டிகிரி என்றால் 18-க்கு இறங்கிவிடும். 20 ஆம்பியர் பிரேக்கருக்கு அது போதாது. 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் அதே சூட்டில் 24 வரை தாங்கும். அதுவே சரி. 30 மீட்டர் தூரம் போனாலும் அதில் பேஸுக்கு இரண்டு வோல்ட்தான் குறையும்.

இரண்டு எச்சரிக்கை. 230 வோல்ட் காயில்களை ஸ்டார் முறையில், அதாவது ஒவ்வொன்றையும் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் மாட்ட வேண்டும். பேஸுக்கும் பேஸுக்கும் இடையில் டெல்டாவாக மாட்டினால் 400 வோல்ட் ஏறி, மூன்று மடங்கு சக்தி இழுத்துக் காயில் கருகிவிடும். அடுத்து, மூன்றும் சமமாக ஓடும்போது நியூட்ரலில் ஒன்றும் ஓடாது என்று மெல்லிய ஒயர் போடாதீர்கள். ஒரு காயில் போய்விட்டால் நியூட்ரலிலும் 13 ஆம்பியர் ஓடும். எர்த் ஒயரும், 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழும் பிரேக்கரும் தண்ணீர் புழங்கும் இடத்தில் கட்டாயம்.

வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே கொடுங்கள். கணக்கை மட்டும் பக்கத்தில் நின்று கேளுங்கள். அந்த மண்டபத்தில் இப்போது 20 ஆம்பியர் பிரேக்கரும் 4 சதுர மில்லிமீட்டர் ஒயரும்தான். என் கடையிலும் ஒரு பழக்கம் வந்துவிட்டது: பெரிய பிரேக்கர் கேட்டு யார் வந்தாலும், "ஒயர் என்ன அளவு?" என்று கேட்காமல் கொடுப்பதில்லை.