பழைய பேர்குசன் உழவு இயந்திரத்தின் வரலாற்றை அறிதல்

நெற்செய்கையாளர் பலரின் கொட்டில்களில் முன்னோர் காலத்து உழவு இயந்திரமொன்று நிற்பதைக் காணலாம். வயலுழவினின்றும் ஓய்வு பெற்றபோதிலும், பெட்டி இழுப்பதற்கும் விறகு ஏற்றுவதற்கும் அது இன்னும் உதவுகின்றது. அதன் வயதை வினவின், "ஐயா காலத்தது" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடையாகும். உதிரிப்பாகம் வாங்கச் செல்பவருக்கு இவ்விடை போதாது. வகையறியாது வாங்கிய பிஸ்டன் பொருந்தாது. கொடுத்த பணம் மீள்வதும் அரிது. விற்பவர் புதிதாக நிறம் பூசிக் கூறும் ஆண்டை நம்பி வாங்குபவர் அதனினும் பெரிய நட்டத்தை அடைவர்.

இயந்திரம் தன் வரலாற்றைத் தன்மேலேயே தாங்கி நிற்கின்றது. எச்சான்றை முதலிற் கொள்வது, எதனை இறுதியிற் கொள்வது என அறிதலே வேண்டற்பாலது. நம் நாட்டில் நன்கு அறிமுகமான பேர்குசன் இயந்திரங்களைக் கொண்டு இதனை விளக்குவாம்.

அயர்லாந்தின் டவுன் பகுதியில் 1884ஆம் ஆண்டிற் பிறந்த ஹரி பேர்குசன் என்பார், கலப்பையை மூன்று புள்ளிகளில் இயந்திரத்துடன் இணைத்து, எண்ணெய் அமுக்கத்தால் உயர்த்தித் தாழ்த்தும் முறையை உருவாக்கினார். கலப்பை மண்ணில் இழுபடும் விசையே பின்சில்லுகளை நிலத்தில் அழுத்துமாதலின், பாரங்குறைந்த இயந்திரமும் நன்கு உழுதது. இம்முறையைக் கொண்ட டீ.ஈ. 20 என்னும் சாம்பல்நிற இயந்திரம், 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரில், பனர் லேன் தொழிற்சாலையிற் செய்யப்பட்டது. போர்க்காலத்தில் விமான எஞ்சின் செய்த தொழிற்சாலை அது. அங்கிருந்து வெளிவந்த டீ.ஈ. 20 இயந்திரங்கள் 5 இலட்சத்து 17 ஆயிரத்திற்கும் மேற்பட்டவை.

முதலிற் பார்க்கவேண்டியது இலக்கத்தகடு. அது ஓட்டுபவரின் முன்னுள்ள பலகையிற் பொருத்தப்பட்டிருக்கும். எண்ணெயும் புழுதியும் படிந்திருப்பின், மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் மெல்லத் துடைக்குக. கம்பித் தூரிகை கொண்டு தேய்த்தல் ஆகாது, எழுத்துக்கள் அழிந்துவிடும். எண்ணுக்கு முன்வரும் எழுத்துக்கள் வகையைக் கூறும். டீ.ஈ.ஏ. எனின் ஸ்ராண்டர்ட் கம்பனியின் பெற்றோல் எஞ்சின், டீ.ஈ.டீ. எனின் பெற்றோலிற் தொடக்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளுக்கு மாற்றப்படுவது; டீ.ஈ.எவ். எனின் 1951இல் அறிமுகமான டீசல் எஞ்சின். எண்ணோ வகைபேதமின்றி ஒரே தொடராகச் சென்றதால், அதனைக்கொண்டு ஆண்டைக் கணிக்கலாம். 1 இலட்சத்தை அண்மியது 1949ஆம் ஆண்டினது. 2 இலட்சத்தை அண்மியது 1951ஆம் ஆண்டினது. 4 இலட்சத்தை அண்மியது 1954ஆம் ஆண்டினது.

1956இல் டீ.ஈ. 20இன் இடத்தைப் பேர்குசன் 35 பெற்றது. அதன் மேற்றகடுகள் சாம்பல் நிறத்தன. எஞ்சினும் நடுவுடலும் பொன்னிறத்தன. 1957ஆம் ஆண்டின் இறுதியிலேயே சிவப்பு நிறமும் மசி பேர்குசன் என்னும் பெயரும் வந்தன. ஆகவே மசி பேர்குசன் என்ற பெயர்த்தகடு டீ.ஈ. 20 ஒன்றில் இருப்பின், அது பின்னர் ஒட்டப்பட்டதே. நிறத்திற்கு ஏமாறாதிருக்க ஓர் எளிய சோதனை உண்டு. டீ.ஈ. 20இன் முன்செல் கியர்கள் நான்கு. 35இற்கோ கூட்டல் குறைத்தல் நெம்புகோல் ஒன்று சேர்ந்து ஆறு கியர்கள் உள. நிறத்தை ஒரு நாளில் மாற்றலாம். கியர்ப்பெட்டியை மாற்ற ஒருவரும் முனையார். ஆசனத்தின் கீழும் பற்றரித் தட்டின் கீழும் ஒரு மூலையைச் சுரண்டினால், அடியிலுள்ள பழைய நிறமும் வெளிப்படும்.

உதிரிப்பாகம் வாங்குவோர்க்கு இன்றியமையாதது எஞ்சின். சிவப்பு 35களுள் முற்பட்ட டீசல் இயந்திரங்கள் ஸ்ராண்டர்ட் கம்பனியின் நான்கு சிலிண்டர் எஞ்சினைக் கொண்டவை. குளிர்நாட்டில் அவை காலையில் தொடங்க மறுத்துப் பெயர் கெட்டன. 1959இன் பிற்பகுதியில் பேர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின் அவ்விடத்திற்கு வந்தது. இவ்விரண்டையும் வேறுபடுத்தப் பொறியியலாளர் வேண்டியதில்லை; எரிபொருள் உட்செலுத்தும் குழாய்களை எண்ணுக. நான்காயின் ஸ்ராண்டர்ட், மூன்றாயின் பேர்க்கின்ஸ். இங்கும் ஒரு கண்ணி உண்டு. 35இன் எஞ்சின் ஏ 3.152 எனப்படும், 1964இன் இறுதியில் வந்த 135இன் எஞ்சின் ஏ.டீ. 3.152. முந்திய எண் சிலிண்டர்களையும், பிந்திய எண் கன அங்குல அளவையும் குறிக்கும். அளவு ஒன்றேயாயினும், டீ என்னும் எழுத்துச் சேர்ந்தது எரிபொருளை நேரே சிலிண்டரினுட் செலுத்தும் அமைப்பாதலின், பிஸ்டனும் சிலிண்டர் தலையும் வேறு. 35 ஒன்றில் 135இன் எஞ்சின் ஏற்றப்பட்டிருத்தலும் கூடும். ஆதலால், எஞ்சின் உடலிற் பொறித்த எழுத்தையும் எண்ணையும் கடதாசியில் எழுதிச் செல்லாது, "மூன்று சிலிண்டர்" எனக் கடைக்காரரிடம் வாயாற் கூறிவாங்குதல் தகாது.

லூக்காஸ் டைனமோவிலும் தொடக்கும் மோட்டாரிலும் சிறு இலக்கங்களால் மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். இது துணைச்சான்று மட்டுமே. ஏனெனில் இப்பாகங்கள் பன்முறை மாற்றப்படுவன.

பதிவுப் புத்தகத்தையும் ஒப்புநோக்குக. ஆங்கில எழுத்து இலக்கம் பெற்றவை, ஸ்ரீ எழுத்து வருமுன் பதிவானவை. எனினும் பதிவான ஆண்டும் செய்யப்பட்ட ஆண்டும் ஒன்றாகவேண்டுமென்பதில்லை. பிறநாட்டிற் சிலகாலம் உழைத்து வந்தனவும் உண்டு. புத்தகத்திலுள்ள எண்கள் இயந்திரத்திலுள்ளவற்றோடு ஒவ்வாவிடின், அதனைத் தெளிவாக்கும்வரை முற்பணமேனும் கொடாதிருத்தல் நன்று.

எஞ்சியவற்றை அயலிலுள்ள முதியோரிடமும் பழைய மெக்கானிக்குகளிடமும் கேட்டறிக. எவர் முதலில் வாங்கினார், எஞ்சின் எப்போது இறக்கப்பட்டது என்பன எத்தகட்டிலும் இரா. அவர்தம் சொல்லைக் கேட்கையில் பெயர்களில் மட்டும் கவனம் வேண்டும். இரு சில்லு உழவு இயந்திரம் எக்கம்பனியினதாயினும் அதனை லான்ட்மாஸ்டர் என்றே அழைக்கும் வழக்கம் நம்மிடையே இருத்தலை யாவரும் அறிவர். முதலில் வந்த பிரித்தானிய இயந்திரத்தின் பெயர் யப்பானிய இயந்திரங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. கேட்டதைக் கேட்ட அன்றே, கூறியவர் பெயருடன் எழுதிவைக்குக. அவரும் மறைந்தபின் அச்செய்தியைப் பெற வேறிடமில்லை.

இயந்திரத்திற்கு மீண்டும் நிறம் பூசுமுன், இலக்கத்தகட்டைக் கழற்றாது அதன்மேற் கடதாசி ஒட்டி மறைத்துக்கொள்க. தகட்டின் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பதிவுப் புத்தகத்தின் உள்ளட்டையிற் பென்சிலால் எழுதாது, தனித்தாளில் மையால் எழுதிப் புத்தகத்துடன் சேர்த்து வைக்குக.