தவக்காலத்தில் அடைக்கும் வேலி

மார்கழியோடு பெருமழை ஓய்ந்து, தை, மாசியில் நெல் வீடு வந்து சேர்ந்தபின், யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் வீட்டைச் சீர்செய்யும் வேலைகள் தொடங்குகின்றன. கிணற்றடி துப்புரவாகின்றது. மழையில் உக்கிப்போன கூரையோலை மாற்றப்படுகின்றது. பனங்கிழங்கு கிண்டி எடுக்கப்பட்டு, ஒடியலாகவும் புழுக்கொடியலாகவும் வெயிலில் காய்கின்றது. இவை எல்லாவற்றிலும் பெரிய வேலை வேலியடைப்பு ஆகும்.

இதே நாட்களிலேயே திருச்சபை தவக்காலத்தை அனுசரிக்கின்றது. திருநீற்றுப் புதன் பெப்ரவரி முற்பகுதிக்கும் மார்ச் 10ஆம் திகதிக்கும் இடையில் வருகின்றது. உயிர்த்த ஞாயிறு மார்ச் 22ஆம் திகதிக்கு முந்துவதுமில்லை, ஏப்ரல் 25ஆம் திகதிக்குப் பிந்துவதுமில்லை. ஐரோப்பியருக்கு இளவேனிலின் தொடக்கமாக அமையும் இக்காலம் நமக்குப் பின்பனிக் காலம். வீட்டைச் சீர்செய்யும் காலமும் உள்ளத்தைச் சீர்செய்யும் காலமும் நம் நாட்டில் ஒன்றாக வருவதைப் பற்றி இவ்வாரம் சிறிது சிந்திப்போம்.

மதில்கள் பெருகிவிட்ட இந்நாளிலும் கிடுகு வேலியும் பனையோலை வேலியும் முற்றாக மறைந்துவிடவில்லை. பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை நட்டு, குறுக்கே தடிகளை வைத்து, ஓலையை நிரைத்துக் கட்டுவார்கள். குத்தூசியிலே கயிற்றைக் கோத்து ஒருவர் ஒரு பக்கத்திலிருந்து குத்திவிட, மறுபக்கத்தில் நிற்பவர் அதை வாங்கித் திருப்பிக் குத்திவிடுவார். எனவே எல்லை வேலியை ஒருவர் தனித்து நின்று நேர்த்தியாக அடைப்பது கடினம். வேலிக்கு அப்பாலும் ஒரு கை வேண்டும். கழற்றிய பழைய ஓலையும் வீணாவதில்லை. அது தோட்டத்து மண்ணில் புதைக்கப்பட்டுப் பசளையாகின்றது. கடந்த ஆண்டின் குருத்தோலை எரிக்கப்பட்டு இவ்வாண்டு நம் நெற்றியில் திருநீறாவதும் அவ்வாறே.

எல்லையும் வழக்கும்

எனினும், இந்த வேலியே நம்மவரிடையே தீராத பகைக்கும் காரணமாகிவிடுகின்றது. கதியால் ஒரு சாண் தள்ளி நடப்பட்டது என்பதில் தொடங்கும் வாக்குவாதம், அயலவர் இருவரைப் பல்லாண்டுகள் பேச்சுவார்த்தை அற்றவர்களாக்கிவிடும். ஒரே ஆலயத்தில் ஒரே திருப்பலியில் பங்குபற்றியும், சமாதானத்தைப் பகிர்ந்துகொள்ளும் வேளையில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நிற்கும் குடும்பங்கள் எமது பங்குகளில் இல்லை என்று எவரால் சொல்ல முடியும்?

எல்லையைக் கேட்பது பாவமன்று. அயலானின் எல்லைக் கல்லை நகர்த்தலாகாது என்று இணைச்சட்ட நூல் (19:14) கட்டளையிடுகின்றது. அதை நகர்த்துபவன் சபிக்கப்பட்டவன் என்று அதே நூல் (27:17) கடுமையாக உரைக்கின்றது. ஆகவே, பிறருடைய நிலத்தில் கதியால் நட்டவர் அதைப் பிடுங்கி உரிய இடத்தில் நடுவதே அவருடைய மனமாற்றத்தின் முதற்படி. வெள்ளிக்கிழமை ஒருசந்தி அதற்கு ஈடாகாது. எல்லை எதுவென்று ஐயம் இருப்பின், நில அளவையாளரை அழைக்கலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகளும் இருக்கின்றன. நீதிமன்றப் படியேறிப் பணத்தையும் காலத்தையும் இழப்பதற்கு முன், இரு தரப்பினரும் ஒரு மேசையில் அமர்ந்து பேச அங்கே வழியுண்டு.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடு வாசலை விட்டு வெளியேறியதை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அன்று எல்லைக்காக வழக்காடியவர்களும் அந்த எல்லையை அப்படியே விட்டுவிட்டுத்தான் நடந்தார்கள். தென்மராட்சியின் பாடசாலைகளிலும் ஆலயங்களிலும் மரநிழல்களிலும் வேலியின்றியே தங்கினார்கள். திரும்பி வந்தபோது வேலிகள் அழிந்து கிடந்தன. ஒரு சாண் நிலத்தின் பெறுமதி எவ்வளவு என்பதை நமக்குக் கற்றுத்தர அதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை.

காய்ச்சல் வந்த வீடு

மாசிப் பனி மச்சையும் துளைக்கும் என்பார்கள். இக்காலத்தில் பிள்ளைகளுக்குத் தடிமனும் இருமலும் வருவது வழமை. வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் அவித்துக் கொடுத்தும், நொச்சியிலை போட்டு வேது பிடித்தும் தாய்மார் அவர்களைத் தேற்றுகின்றனர். ஆனால் அந்தத் தாயே காய்ச்சலில் விழுந்துவிட்டால், அடுப்பு எரியாது, கோழிக்கூடு திறக்கப்படாது, பாடசாலை செல்லும் பிள்ளைக்குச் சாப்பாடு கட்டப்படாது. சிறிய நோய்தான், ஆயினும் வீடு நின்றுவிடுகின்றது.

இத்தகைய ஒரு வீட்டிற்குள்ளே ஆண்டவர் இயேசு சென்றதை மாற்கு நற்செய்தி (1:29-31) மூன்றே வசனங்களில் கூறுகின்றது. சீமோனின் மாமியார் காய்ச்சலாய்க் கிடக்கின்றார். வீட்டார் அதை உடனே அவரிடம் சொல்கின்றனர். அவர் அருகே சென்று, கையைப் பிடித்துத் தூக்கிவிடுகின்றார். காய்ச்சல் நீங்குகின்றது, அந்தத் தாய் அவர்களுக்குப் பணிவிடை செய்கின்றார். தொழுநோயோ பார்வையிழப்போ அன்று, வீட்டில் வரும் காய்ச்சலே மாற்கு கூறும் முதலாவது உடல்நலமாக்கல் என்பதைக் கவனியுங்கள். நாம் சிறிதென்று எண்ணுவதை ஆண்டவர் சிறிதென்று எண்ணவில்லை.

நோய் மாறியதும் பெண் எழுந்து வேலை செய்யவேண்டும் என்பதற்கு இப்பகுதியைச் சான்றாக்குவோர் உளர். அது தவறு. மானிட மகன் பணிவிடை பெறுவதற்கன்று, பணிவிடை செய்வதற்கே வந்தார் என்று இயேசு தம்மைப்பற்றிக் கூறுமிடத்திலும் (மாற்கு 10:45) கிரேக்க மூலத்தில் அதே சொல்லே வருகின்றது. ஆதலால் பணிவிடை என்பது பெண்ணின் தலையில் வைத்த சுமையன்று. ஆண்டவரைப் பின்பற்றும் அனைவருக்கும் உரியது. மனைவி காய்ச்சலில் கிடக்கையில் கணவர் கஞ்சி காய்ச்சுவதும், வளர்ந்த பிள்ளைகள் பாத்திரம் கழுவுவதும் நல்ல தவமுயற்சிகளே.

அவர்கள் அதை உடனே சொன்னார்கள் என்ற செய்தியும் நமக்குரியது. இன்று பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, முதியவர்கள் தனித்து வாழும் வீடுகள் பல. இரவில் அவர்கள் இருமும் ஓசை முதலில் கேட்பது அயல் வீட்டிற்கே. தொலைவிலுள்ள உடன்பிறந்தவரைவிட அருகிலுள்ள அயலவர் மேல் என்று நீதிமொழிகள் நூல் (27:10) கூறுவதும் இதனாலேயே. நம் முன்னோர் வேலியை இறுக அடைத்தாலும், அயலுக்குப் போய்வர ஒரு பொட்டு விட்டே அடைத்தார்கள். கறிக் கிண்ணமும் நெருப்புத் தணலும் கஞ்சியும் அதன் வழியே போய்வந்தன. கோபம் வந்தபோது முதலில் அடைக்கப்பட்டதும் அந்தப் பொட்டுத்தான்.

காய்ச்சலைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் அவசியம். எல்லாக் காய்ச்சலும் மல்லித்தண்ணீரில் மாறாது. மழைக்குப் பிந்திய மாதங்கள் டெங்கு பரவும் மாதங்கள். காய்ச்சல் இரண்டு நாட்களைக் கடந்தால் வைத்தியசாலைக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்தல் வேண்டும். வைத்தியரைக் கேளாமல் அஸ்பிரின், இபுபுரோபன் போன்ற மாத்திரைகளை எடுக்கலாகாது. டெங்கு நுளம்பு சிரட்டையிலும் பழைய ரயரிலும் தேங்கிய நீரில் முட்டையிட்டு, ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் பறக்கத் தொடங்கிவிடும். அது வேலி பார்ப்பதில்லை. ஆகவே, வேலியடைக்கும் நாளில் இரு வளவுகளையும் சேர்த்துத் துப்புரவு செய்வது இரு வீட்டுப் பிள்ளைகளையும் காக்கும்.

இத்தவக்காலத்தில்

திருநீற்றுப் புதனை அடுத்த வெள்ளியும் சனியும் எசாயா நூலின் 58ஆம் அதிகாரம் திருப்பலியில் வாசிக்கப்படுகின்றது. பசித்தவருக்கு உணவைப் பகிர்வதும் துன்புறுவோரைத் தேற்றுவதுமே இறைவன் விரும்பும் நோன்பு என்கிறார் இறைவாக்கினர். அவ்வாறு நோற்பவர், இடிந்ததைச் சீர்செய்பவர் என்று அழைக்கப்படுவார் என்றும் வாக்களிக்கின்றார். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சென்று சகோதரனோடு நல்லுறவு ஏற்படுத்துமாறு ஆண்டவரும் பணிக்கின்றார் (மத்தேயு 5:23-24).

அன்புக்குரியவர்களே, இம்முறை வேலியடைக்குமுன் அயல் வீட்டாரை அழைத்துப் பேசுங்கள். கதியால் தவறி நின்றால் திருத்தி நடுங்கள். பேசாமல் இருந்த வீட்டில் எவரேனும் படுத்திருந்தால், ஒரு செம்பு கஞ்சியோடு சென்று நலம் விசாரியுங்கள். பழைய வழக்கை அன்று எடுக்க வேண்டாம். பின்னர் குத்தூசியை அவர்கள் கையிலும் கொடுத்து, இரு பக்கமும் நின்று வேலியை அடையுங்கள். உயிர்த்த ஞாயிறன்று பலகாரத் தட்டு அயலுக்குப் போக ஒரு பொட்டும் விட்டு வையுங்கள். பகைமை என்னும் நடுச்சுவரைத் தமது உடலால் தகர்த்தெறிந்த ஆண்டவர் (எபேசியர் 2:14), நம் இல்லங்களுக்கும் நம் அயல் இல்லங்களுக்கும் நலமும் சமாதானமும் அருள்வாராக.